இந்தியத் தேனீயில் ராணி வளர்ப்பு: ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்

கேள்வி கேட்ட நண்பர் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் கூடு தானாக ராணி அறை கட்டும் சமயம் பார்த்துப் பிரிக்கிறார். பிரித்தவற்றில் பாதிதான் தேறுகிறது. மீதி மெலிந்து கிடக்கிறது, இல்லாவிட்டால் பெட்டியைக் காலி செய்துவிட்டு ஓடிப்போகிறது. இளம் புழுவைக் கண்ணறையிலிருந்து ஊசியால் எடுத்து மெழுகுக் கிண்ணத்துக்கு மாற்றி ராணி வளர்க்கும் முறையைத் தானும் செய்யலாமா, அது கைகூடாவிட்டால் வெளியூரிலிருந்து ராணி வாங்கலாமா என்பது அவர் கேள்வி.

செய்யலாம். பன்னிரண்டு பெட்டி இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ராணி வளர்ப்பு என்றாலே எல்லோரும் ஊசியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நல்ல ராணியை உருவாக்குவது அவளுக்கு ஊட்டும் இளம் வேலைக்காரத் தேனீக்களும், பிறகு அவளோடு சேரும் ஆண் தேனீக்களும். எந்தத் தாயின் புழு, என்ன வயதுப் புழு, எந்த மாதம் என்ற மூன்றை மட்டும் நாம் தீர்மானிக்கிறோம். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் ஊசியே இல்லாமல் அருமையான ராணிகள் கிடைக்கும். இவை பிசகினால் எவ்வளவு நுட்பமாகப் புழு மாற்றினாலும் பலன் இல்லை. அதனால் ஊசியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் கூடுகளில் பாதி ஏன் தேறவில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ராணிக்கும் வேலைக்காரிக்கும் முட்டை ஒன்றுதான். வேலைக்காரத் தேனீயின் புழுவை எடுத்தே கூடு தனக்கு ராணியை வளர்த்துக்கொள்ளும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே சாக்சனியில் ஷிராக் என்ற பாதிரியார் காட்டினார். பொரித்த புழுவுக்கு முதல் இரண்டு மூன்று நாள் தலைச்சுரப்பியிலிருந்து வரும் பால் போன்ற கூழ் கிடைக்கிறது. வேலைக்காரியாகப் போகும் புழுவுக்கு அதன் பிறகு தேனும் மகரந்தமும் கலந்த உணவு. ராணிப் புழு மட்டும் கடைசிவரை அந்தக் கூழிலேயே மிதந்து வளர்கிறது. ஆகவே ஒரு நாள் வயதுப் புழுவை ராணியாக்குவதும் மூன்று நாள் வயதுப் புழுவை ராணியாக்குவதும் ஒன்றல்ல. போலந்து விஞ்ஞானி யெர்சி வோய்கே 1971இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே காட்டினார்: வயது கூடிய புழுவிலிருந்து வந்த ராணிகளுக்கு எடை குறைவு, சினைப்பையில் முட்டைக் குழாய்கள் குறைவு, விந்தைச் சேமிக்கும் பையும் சிறியது. அவர் ஆராய்ந்தது மேற்கத்தியத் தேனீயை. ஆனால் இந்தியத் தேனீயிலும் அதே கதைதான் நடக்கிறது என்பது பெட்டியைத் திறந்து பார்க்கிற எவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ராணியும் முட்டையிடுவாள். ஆறேழு மாதத்தில் தளர்ந்துவிடுவாள், கூடும் கூடவே தளரும்.

நீங்கள் பிரிக்கும்போது ராணி இல்லாத பாதிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. முட்டையும் புழுவும் உள்ள அடைச் சட்டத்தைக் கொடுத்துவிட்டு, 'அதுவே ராணி வளர்த்துக்கொள்ளும்' என்று விட்டுவிடுவதுதான் பொதுவான வழக்கம். பாதி கூடு தேறாமல் போவதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கக்கூடும். ராணியை இழந்த கூடு அவசரத்தில் இருக்கிறது. கைக்குக் கிடைத்த புழுக்களில் இளையதையும் எடுக்கும், மூத்ததையும் எடுக்கும். மூத்த புழுவிலிருந்து வரும் ராணி முதலில் வெளிவருவாள். வந்த உடனே மற்ற ராணி அறைகளைத் தேடிப் போய்ப் பக்கவாட்டில் கடித்துத் துளையிட்டு, உள்ளே இருப்பவளைக் கொட்டிக் கொன்றுவிடுவாள். அதாவது இருப்பதிலேயே தரம் குறைந்தவள் நல்லவர்களைத் தீர்த்துக்கட்டுகிறாள்.

இதற்கு எளிய பரிகாரம் இருக்கிறது. ராணியைப் பிரித்த நாளிலிருந்து எண்ணுங்கள். அன்று பொரித்த புழு ராணி அறையில் வளர்ந்து மூடப்பட நாலரை, ஐந்து நாள் ஆகும். மூன்றாம் நாளிலோ நான்காம் நாள் காலையிலோ திறந்து பார்க்கும்போது ஏற்கெனவே மூடியிருக்கும் ராணி அறைகள் எல்லாம் மூத்த புழுவில் கட்டியவை. தயங்காமல் அவற்றைக் கிள்ளி எறியுங்கள். இன்னும் திறந்திருப்பவற்றில் அடியில் கூழ் நிறையத் தேங்கி, புழு அதில் பொருந்திக் கிடக்கும் இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலே அடுத்த ஆண்டு கணக்கு மாறும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கூட்டம் பிரிந்து போவதற்காகக் கூடு தானாகக் கட்டும் ராணி அறைகள் தரத்தில் குறைந்தவை அல்ல. பார்க்கப்போனால் அவற்றைப் போல நன்றாக ஊட்டப்பட்ட ராணிகள் வேறு இல்லை. அடையின் கீழ் விளிம்பில் வரிசையாகத் தொங்கும், கூழ் வழிய வழிய இருக்கும். ஆனால் முதலில், அதிகமாக, ஆண்டு தவறாமல் ராணி அறை கட்டுவது எந்தக் கூடு? பிரிந்து ஓடும் குணம் மிகுந்த கூடு. ஆண்டுக்கு ஆண்டு அதிலிருந்தே பிரித்துக்கொண்டு வந்தால் பன்னிரண்டு பெட்டியிலும் அந்தக் குணத்தைத்தான் பெருக்குகிறீர்கள். ஓரத்தில் சத்தமில்லாமல் தேனைச் சேர்த்துக்கொண்டிருக்கும் நல்ல கூட்டிலிருந்து ஒரு மகள்கூட எடுக்கப்படவில்லை. ராணி வளர்ப்பைக் கற்றுக்கொள்ள வேண்டிய உண்மையான காரணம் இதுதான். தாயை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தாயை மார்ச் மாதத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். ரப்பரில் புதுத் தளிர் வந்து, இலைக்காம்பில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்துச் சுரப்பிகளில் மதுரம் வடியும்போது எல்லாக் கூடும் நல்ல கூடாகத்தான் தெரியும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரையான பஞ்ச காலத்தில் பாருங்கள். சர்க்கரைப் பாகு கொஞ்சமாகக் கொடுத்தாலும் ஓடாமல் நிற்கிறதா? அடையை மெழுகுப் பூச்சி ஏறவிடாமல் மூடிக்கொண்டிருக்கிறதா? மழைக்குப் பிறகு முதலில் நிமிர்வது எது? இந்தக் குறிப்புகளைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கமே பென்சிலால் எழுதிவையுங்கள். நோட்டுப் புத்தகம் தொலையும், மூடி தொலையாது.

அதோடு நோய். குமரி மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் பணிகளோடு வேரூன்றிய பெட்டித் தேனீ வளர்ப்பு, 1991-92இல் வந்த, புழுக்களைக் கொல்லும் 'தாய்லாந்து சாக்புரூட்' வைரஸ் நோயில் ஏறத்தாழ அழிந்தே போனது. தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூடுகளில் பெரும்பகுதி அப்போது போயிற்று. இன்று நாம் வைத்திருப்பவை தப்பிப் பிழைத்தவற்றின் வழிவந்தவை. நோய் இன்னும் போகவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. மூட வேண்டிய வயதில் புழு நிமிர்ந்து கிடக்கும். இடுக்கியால் மெதுவாகத் தூக்கினால் நீர் நிறைந்த சிறு பை போல முழுசாக வரும். இதைக் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் காட்டாத கூடு, அல்லது வந்தும் தானே சுத்தம் செய்து மீண்ட கூடு, தாயாக இருக்கத் தகுதி உள்ளது. சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. மூடிய கண்ணறைகள் ஐம்பதை மெல்லிய குண்டூசியால் குத்திவிட்டு மறுநாள் அதே நேரத்தில் திறந்து பாருங்கள். இறந்த கூட்டுப்புழுக்களை எந்தக் கூடு வேகமாக இழுத்து வெளியே போட்டிருக்கிறதோ அதற்கு மதிப்பெண் கூடுதல். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

காலம் விஷயத்தில் நம் பக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அக்டோபர் முதல் கூடு வளரத் தொடங்குகிறது. ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ராணி வெளியே பறந்து இணைசேர வெயிலும் காற்றடங்கிய பிற்பகலும் வேண்டும். நவம்பர் கடைசியில் ஏற்பாடுகளைத் தொடங்கி ஜனவரி நடுவுக்குள் எல்லா ராணியும் முட்டையிடும்படி முடித்துவிடுவது நல்லது. டிசம்பர் 1 அன்று புழு மாற்றினால் ராணி 12, 13 தேதிவாக்கில் வெளிவருவாள். ஒரு வாரம் கழித்து இணைசேர்வாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் முட்டை பார்க்கலாம். வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளிவர சுமார் 19 நாள். அவை கூட்டு வேலை முடித்து வயலுக்குப் போக மேலும் இரண்டு மூன்று வாரம். சரியாகப் பிப்ரவரித் தளிருக்கு ஆள் தயார். ஒரு மாதம் தள்ளிப்போனால் தேன் வரத்து முடியும் நேரத்தில்தான் கூடு நிறையும்.

ஆண் தேனீக்களைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ராணி ஒரே ஆணோடு சேர்வதில்லை, பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு வானத்தில் சேர்கிறாள். அங்கே கிடைத்த விந்துதான் அவள் ஆயுள் முழுவதற்கும். ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர ஏறத்தாழ 24 நாள், அதன்பின் முதிர்ச்சி அடையப் பத்து நாளுக்கு மேல். ராணிக்கோ வெளிவர 15, 16 நாள்தான். இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் ராணி தயாராகும்போது ஆண்கள் இருக்கமாட்டார்கள். அதனால் மூடிய ஆண் கண்ணறைகள் நிறையத் தெரிந்த பிறகுதான் புழு மாற்ற வேண்டும். இந்தியத் தேனீயில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆண் அறையின் மூடி கூம்பாக எழும்பி, நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். நல்ல கூடுகள் இரண்டு மூன்றில் ஆண் அடையை வெட்டாமல் விட்டுவையுங்கள். தேனைத் தின்கிற சோம்பேறிகள் என்று ஆண் அடையைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டி எறிவது இந்த மாதங்களில் செய்யக்கூடாத காரியம்.

தாய்க் கூடும் ஆண் கூடும் ஒரே வம்சமாக இருந்தால் இன்னொரு ஆபத்து. தேனீயில் பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணுவின் இரண்டு வடிவங்கள் வேறு வேறாக இருந்தால் பெண். கருவுற்ற முட்டையில் இரண்டும் ஒன்றாகிவிட்டால் அது பெண்ணாகாமல் கோளாறான ஆணாகும். பொரித்த சில மணி நேரத்திலேயே வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தின்றுவிடும். இதைக் கண்டு சொன்னவரும் வோய்கேதான், 1963இல். உறவுக்குள் இணைசேர்க்கை நடந்த கூட்டில் மூடிய அடையைப் பார்த்தால் சல்லடை போல இடையிடையே வெற்றுக் கண்கள் தெரியும். ராணி நன்றாகத்தான் முட்டையிடுகிறாள், ஆனால் முட்டையில் ஒரு பங்கு வீணாகிறது, கூடு பெருகவே மாட்டேன் என்கிறது. உங்கள் பன்னிரண்டும் இரண்டு கூடுகளிலிருந்து பிரித்தவை என்றால் இதை அவசியம் சந்தேகியுங்கள். பக்கத்து ஊர்களில் பெட்டி வைத்திருப்பவர்களும், பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் இருக்கும் காட்டுக் கூடுகளும் உங்களுக்குத் தெரியாமலே உதவி செய்துகொண்டிருக்கிறார்கள். தாயாகவும் ஒரே கூட்டைப் பிடித்துக்கொள்ளாமல் மூன்று நான்கு கூடுகளை மாற்றி மாற்றி எடுங்கள்.

இப்போது முறைகளுக்கு வருகிறேன். முதல் ஆண்டு ஊசி வேண்டாம். அடையை வெட்டும் முறையில் தொடங்குங்கள். தாய்க் கூட்டின் நடுவில், புழு அடைகளுக்கு இடையில், மேல்விளிம்பில் மட்டும் மெழுகுத் துண்டு ஒட்டிய வெறும் சட்டம் ஒன்றைச் செருகுங்கள். கூடவே சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு கொடுங்கள். வளரும் பருவத்தில் இந்தியத் தேனீ புது அடையை மளமளவென்று இழுத்துவிடும், ராணியும் அதில்தான் விரும்பி முட்டையிடுவாள். ஒரு வாரத்தில் மேலே புழுவும் கீழே முட்டையுமாக வெள்ளை வெளேரென்ற அடை கிடைக்கும். முட்டை மட்டும் உள்ள கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அப்போதுதான் பொரித்த புழுக்கள் வெட்டு விளிம்பில் வரும்படி செய்யுங்கள். விளிம்பில் இரண்டு கண் விட்டு ஒரு கண்ணில் மட்டும் புழுவை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தீக்குச்சியால் நசுக்கிவிட்டால் ராணி அறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். இந்த அடையை ராணி நீக்கிய பலமான கூட்டில் வைத்தால் விளிம்பு நெடுகத் தொங்கும்படி ராணி அறை கட்டுவார்கள். மூடிய பிறகு சுற்றியுள்ள அடையோடு ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துத் தேவையான இடத்தில் பதிக்கலாம். பத்துப் பன்னிரண்டு பெட்டிக்காரருக்கு இதுவே போதும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதைத்தான் முதலில் சொல்லுகிறேன்.

புழு மாற்றும் முறையை அமெரிக்காவில் டூலிட்டில் 1889இல் நூலாக எழுதி உலகுக்குப் பரப்பினார். நூறு ராணி வேண்டுபவர்களுக்கு அதைவிடச் சிறந்த வழி இன்றும் இல்லை. உங்களுக்கும் கை பழகியபின் பயன்படும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

கிண்ணம் முதலில். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் பெரும்பாலும் மேற்கத்தியத் தேனீயின் ஒரு வகையான இத்தாலியத் தேனீயின் அளவுக்கானவை, நம் தேனீக்குப் பெரியவை. 7 மில்லிமீட்டர் பருமனுள்ள மரக்குச்சியின் முனையை உருட்டித் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்து, உருகிய மெழுகில் மூன்று நான்கு முறை முக்கி எடுத்தால் கிண்ணம் தயார். ஒவ்வொரு முறையும் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வந்தால் அடி தடித்தும் விளிம்பு மெலிந்தும் அமையும். நம் கூட்டிலேயே எடுத்த மெழுகாக இருக்கட்டும். சட்டத்தின் குறுக்கே ஒரு கட்டையில் இவற்றை உருகிய மெழுகால் ஒட்டி, புழு மாற்றுவதற்கு முந்தைய இரவே வளர்ப்புக் கூட்டில், அதாவது ராணிப் புழுக்களுக்கு ஊட்டப்போகும் கூட்டில், வைத்துவிட்டால் தேனீக்கள் தேய்த்து மெருகேற்றி வைத்திருக்கும்.

வளர்ப்புக் கூடுதான் முழு வேலையிலும் முக்கியமானது. இந்தியத் தேனீக்கான ஏழு சட்ட நியூட்டன் பெட்டியில் எல்லாச் சட்டமும் தேனீயால் மூடிய, நோய் இல்லாத கூடாக இருக்க வேண்டும். அதன் ராணியை இரண்டு சட்டத்தோடு வேறு பெட்டிக்கு மாற்றிப் பத்திரமாக வையுங்கள், கொல்ல வேண்டியதில்லை. முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டங்களையும் எடுத்துவிடுங்கள். மூடிய அடைகளும், மூடப்போகும் வயதுப் புழு உள்ள ஒரு சட்டமும், மகரந்தம் நிறைந்த ஒரு சட்டமும் இருக்கட்டும். இளம் தேனீ போதவில்லை என்று தோன்றினால் வேறு நல்ல கூட்டின் புழு அடையிலிருந்து உதறிச் சேர்க்கலாம். அதற்கு முன் அந்தக் கூட்டில் நோய் இல்லையென்று உறுதிப்படுத்துங்கள், அதன் ராணி அந்தச் சட்டத்தில் இல்லையென்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாகை நிறுத்தக் கூடாது. மகரந்த வரத்து இல்லாத நாட்களில் ராணி வளர்க்கவே கூடாது. கூழ் உண்டாவது மகரந்தத்திலிருந்து, பாகிலிருந்து அல்ல. தென்னை இருக்கிற இடத்தில் அந்தக் கவலை குறைவு.

மாற்றும் இடம் காற்றுப்படாத அறையாக இருக்கட்டும். மேசையில் ஈரத்துணி. தாய்க் கூட்டிலிருந்து எடுத்த புது அடையை, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து கண்ணறையின் அடிக்கு விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். முட்டைகள் நின்றும் சாய்ந்தும் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அவற்றுக்குப் பக்கத்துக் கண்களில், ஒரு துளிக் கூழின் மேல், நகத்துணுக்கு போல வளைந்து, கண்ணாடி மாதிரி ஏறக்குறைய நிறமே இல்லாமல் கிடப்பதுதான் வேண்டிய புழு. தெளிவாகக் கண்ணுக்குப் படுகிற, வெள்ளையாகக் கொழுத்த வளையம் ஏற்கெனவே வயது கடந்தது. 'இது ரொம்பச் சிறிசாக இருக்கிறதே' என்று மனம் தயங்கும் புழுவைத்தான் எடுக்க வேண்டும். புழு மாற்றும் ஊசியாகப் பயன்படும், பேனா போன்ற சீனக் கருவியின் நாக்கை கண்ணறைச் சுவரை ஒட்டி இறக்கி, வளைவின் முதுகுப் பக்கமாகக் கூழுக்கு அடியில் நுழைத்தால் புழு கூழோடு சேர்ந்து ஏறிவரும். கிண்ணத்தின் அடியில் அதே நிலையில் நழுவவிட வேண்டும். புரண்டுவிட்டால் அதை விட்டுவிட்டு வேறு எடுங்கள். பக்கவாட்டுத் துளைகளால் மூச்சுவிடும் பிராணி அது, கூழுக்குள் மூழ்கிப்போகும். மாற்றிய கிண்ணங்களை உடனுக்குடன் ஈரத்துணியால் மூடுங்கள். கூட்டுக்குள் 34, 35 டிகிரி வெப்பத்தில் இருந்த புழு வெளியில் உலர்ந்துபோக நேரம் அதிகம் ஆகாது.

ஒரு கூட்டுக்குப் பத்துக் கிண்ணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இத்தாலியத் தேனீக்காரர்கள் முப்பது நாற்பது வைப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவர்கள் கூட்டில் ஊட்டுவதற்கு ஆள் பல மடங்கு. மறுநாள் சட்டத்தை உதறாமல் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஏற்றுக்கொண்ட கிண்ணத்தில் விளிம்பு புது மெழுகால் உயர்ந்திருக்கும், உள்ளே கூழ் தெரியும். முதல் தடவை பத்தில் மூன்று நான்கு ஏற்றாலே நல்ல ஆரம்பம். கூழ் வற்றி ஒட்டிக் கிடப்பவற்றை அன்றே நீக்கிவிட்டால், இருப்பவற்றுக்கு ஊட்டம் கூடும்.

புழு மாற்றிய ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ ராணி அறைகளைப் பங்கிட்டாக வேண்டும். முதிர்ந்த அறையின் நுனியில் தேனீக்கள் மெழுகைச் சுரண்டி எடுத்திருப்பார்கள், உள்ளே கூட்டுப்புழு நெய்த பழுப்பு உறை தெரியும். அதுதான் அடையாளம். ஒரு நாள் தாமதித்து ஒருத்தி வெளிவந்துவிட்டால் மற்ற எல்லாம் போயிற்று. சாயங்காலம் பெட்டியில் காது வைத்தால் வெளிவந்தவள் 'பீ... பீ...' என்று நீட்டிக் குரல் கொடுப்பதும், அறைக்குள் இருப்பவர்கள் கட்டையான குரலில் பதில் சொல்வதும் கேட்கும். கேட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ராணி அறையைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது, உதறக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது. கூட்டில் தொங்கிய நிலையிலேயே கொண்டுபோய் இரண்டு சட்டங்களுக்கு இடையில் பதியுங்கள்.

இணைசேரும் சிறு கூடு விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுவதுதான் பாதிக் கூடு ஓடிப்போவதற்கு மூன்றாவது காரணம். உள்ளங்கை அளவுப் பெட்டியில் ஒரு கைப்பிடித் தேனீயை வைத்து ராணியை இணைசேர்ப்பது இத்தாலியத் தேனீயில் நடக்கும். நம் தேனீ அப்படி நிற்காது. குறைந்தது மூடிய புழு அடை ஒன்று, தேனும் மகரந்தமும் உள்ள அடை ஒன்று, இரண்டையும் இரு பக்கமும் மூடும் அளவுக்குத் தேனீ வேண்டும். மூடிய அடை இருந்தால்தான் விட்டுப்போக மனம் வராது, ராணி முட்டையிடும்வரை புதுத் தேனீயும் வந்துகொண்டிருக்கும். முந்தைய நாள் பிரித்து, ராணி இல்லை என்பதை அவை உணர்ந்த பிறகு, மறுநாள் ராணி அறையைக் கொடுங்கள். சிறு கூடுகளை வரிசையாக ஒரே திசை பார்த்து வைக்காமல் வாசலை வேறு வேறு பக்கம் திருப்பி, முன்னால் கல்லோ செடியோ அடையாளமாக இருக்கும்படி வையுங்கள். பறந்து திரும்பும் ராணி பெட்டி மாறி நுழைந்தால் அங்கேயே அவள் கதை முடியும். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதையும் மறக்க வேண்டாம்.

வெளிவந்த ஐந்தாறு நாளில் ராணி பறக்கத் தொடங்குவாள். இலங்கையில் செய்து 1976இல் வெளியான ஆய்வு ஒன்று, மூன்று வகைத் தேனீக்களின் ஆண்கள் எந்த நேரத்தில் பறக்கின்றன என்று கவனித்தது. கொம்புத் தேனீயின் ஆண்கள் 12 மணிக்கும் 2.30க்கும் இடையில். இந்தியத் தேனீயின் ஆண்கள் 4.15 முதல் 5.15 வரை. மலைத் தேனீ 6 மணிக்கு மேல். மூன்று வகை ராணிகளும் ஆணை ஈர்க்கும் வாசனையில் முக்கியப் பொருள் ஒன்றே என்பதால் இந்த நேரப் பங்கீடுதான் ஒன்றையொன்று குழப்பாமல் காக்கிறது. குமரி மாவட்டத்துக்கு இலங்கை எவ்வளவு பக்கம் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் பெட்டி வாசலில் சாயங்காலம் ஆண்கள் உரக்க ரீங்கரித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் சிறு கூடுகளைத் திறக்கவே கூடாது. முதல் பத்து நாள் காலையிலும் திறக்காமல், வாசலில் மகரந்தம் ஏற்றிய தேனீ போய்வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிறகு திறந்தால் கண்ணுக்கு ஒன்றாக, அடியின் நடுவில் முட்டை தெரிய வேண்டும். ஓரிரு கண்ணில் இரண்டு முட்டை இருந்தால் பதற வேண்டாம், புது ராணிகள் ஆரம்பத்தில் அப்படிச் செய்வது உண்டு. ஆனால் ஒரு கண்ணில் நாலைந்து, அதுவும் சுவரில் ஒட்டியபடி இருந்தால் வேலைக்காரத் தேனீ முட்டையிடுகிறது என்று பொருள். இந்தியத் தேனீயில் ராணி இல்லாமல் போனால் இது மிக விரைவில் தொடங்கிவிடும். அதனால்தான் ஒரே வளர்ப்புக் கூட்டை அடுத்தடுத்துப் பயன்படுத்தாமல், ஒரு தடவை முடிந்ததும் அதன் ராணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது ஒரு ராணி அறையை அதற்கே விட வேண்டும். வெளிவந்து மூன்று வாரம் கழிந்தும் முட்டை இல்லாத ராணிக்காகக் காத்திருப்பதில் பயன் இல்லை. எடுத்துவிட்டு அந்தக் கூட்டை இன்னொன்றோடு, இடையில் செய்தித்தாள் வைத்து, இணைத்துவிடுங்கள்.

முட்டையிடத் தொடங்கிய ராணியின் முதுகில் ஒரு புள்ளி வண்ணம் வையுங்கள். உலக வழக்கப்படி ஆண்டின் கடைசி இலக்கம் 1, 6 என்றால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். இரண்டு ஆண்டு கழித்துத் திறக்கும்போது அதே ராணியா, கூடு தானாக மாற்றிக்கொண்டதா என்று அந்தப் புள்ளி சொல்லிவிடும். வேகமாகக் காயும் வண்ணமாக இருக்கட்டும். பூசிய பிறகு காயும்வரை விரல்களுக்கிடையில் மெதுவாகப் பிடித்திருந்து விடுங்கள். ராணியின் நல்லது கெட்டதை முட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவளுடைய முதல் மூடிய அடையைப் பாருங்கள். கை நிறையத் தொடர்ச்சியாக, ஓட்டை இல்லாமல் மூடியிருந்தால் அவளை வைத்துக்கொள்ளலாம்.

வெளியூரிலிருந்து வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், ராணியை மட்டும் தனியாக வாங்க வேண்டாம் என்பது. இத்தாலியத் தேனீ ராணிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன, ஆனால் அவை வேறு இனம், உங்கள் கூட்டில் பயன்படா. இந்தியத் தேனீயிலும் மலைப் பகுதியில் இருப்பதற்கும் சமவெளியில் இருப்பதற்கும் உடல் அளவிலும் குணத்திலும் வேறுபாடு உண்டு. தொலைவிலிருந்து வருவது நம் மழைக்கும் பஞ்ச காலத்துக்கும் பழகியதாக இருக்காது, நோயையும் கூட்டி வரக்கூடும். புது ரத்தம் தேவை என்றால் உங்கள் ஊரிலிருந்து பத்து இருபது கிலோமீட்டருக்குள், வேறு வம்சத்துக் கூடு ஒன்றை முழுதாக வாங்குங்கள். அல்லது காட்டுக் கூட்டம் ஒன்றைப் பிடியுங்கள். ஆறு மாதம் மற்றப் பெட்டிகளிலிருந்து தள்ளி வைத்து, பஞ்ச காலத்தையும் கடந்து நோயில்லாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு அதிலிருந்து புழு எடுங்கள்.